கிட்டா ஃபுமிகோ: பலகையை விட்டு எழுந்து பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்

வெண்காய்

செஸ்ஸுக்கு இங்கே எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. கோ ஆட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்றரை வருடமாகத் தினமும் ராத்திரி இணையத்தில் கோ ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒருவர் மட்டும் மனதில் தங்கிவிட்டார். அவரைப் பற்றித்தான் இந்த இழை. கிட்டா ஃபுமிகோ. ஜப்பானில் இவரைப் பெண்கள் கோவின் தாய் என்று சொல்கிறார்கள்.

1875 நவம்பரில் பிறந்தவர். அப்பா ஷிபா ரியோகாய், மருத்துவர், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். மேற்கத்திய மருத்துவம் ஜப்பானுக்குள் வந்த காலத்தில் அதற்கு ஜப்பானியச் சொற்களை உண்டாக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். 1879-ல் அவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. ஹயாஷி சானோ என்ற பெண்மணி ஃபுமிகோவைத் தத்தெடுத்து வளர்த்தார். ஹயாஷி என்பது சாதாரணக் குடும்பப் பெயர் இல்லை. ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலத்தில் அரசாங்க மானியம் வாங்கிக்கொண்டு கோ ஆடிய வீடுகள் நான்கு: ஹோன்இன்போ, இனோவே, யாசுய், ஹயாஷி. சானோ அந்த நாலாவது வீட்டைச் சேர்ந்தவர், தானும் ஆடுவார், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுப்பார்.

ஆனால் ஃபுமிகோ பிறந்த நேரத்தில் அந்த வீடுகளின் பெருமை எல்லாம் போய்விட்டது. 1868-ல் ஷோகுன் ஆட்சி முடிந்தது, மானியமும் நின்றது. தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பங்கள் என்ன செய்யும்? 1879-ல் முராசே ஷூஹோ என்பவர் ஹோஎன்ஷா என்ற புதுச் சங்கத்தை ஆரம்பித்தார். வீடுகளுக்கு வெளியே, யார் வேண்டுமானாலும் வந்து ஆடித் தகுதி வாங்கக்கூடிய இடம். 1891-ல், பதினைந்து வயதில், ஃபுமிகோ அங்கேதான் முதல் டான் வாங்கினார். டான் என்பது தொழில்முறை ஆட்டக்காரர்களின் தகுதிப் படி.

நான்கு வருடம் கழித்துக் கல்யாணம். கணவர் கிட்டா ரொப்பேய்ட்டா, நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தில் கிட்டா மரபின் 14-ஆவது தலைவர். கல்யாணம் ஆனதும் ஃபுமிகோ கோ உலகத்தை விட்டு விலகினார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை. 1907-ல்தான் திரும்பி வந்தார். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதன்பிறகு 1921-ல் 5 டான். அதுவரை எந்தப் பெண்ணும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

இருபது வயதில் விட்டதை முப்பதுக்கு மேல் எடுத்து, நாற்பத்தைந்தில் உச்சிக்குப் போனவர். நான் ஒரு வாரம் ஆடாமல் விட்டாலே என் வாசிப்பு மழுங்கிப்போகிறது. 'வாசிப்பு' என்று கோ ஆடுகிறவர்கள் சொல்வது, அடுத்தடுத்த நகர்வுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதை. அதனால்தான் அந்தப் பன்னிரண்டு வருடம் என்னை விடமாட்டேன் என்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

தேன்மொழி

கோ என்றால் என்ன ஆட்டம் என்றே எனக்குத் தெரியாது. அதையும் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போனால் படிக்க வசதியாக இருக்கும். அப்புறம் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் 'தொழில்முறை' என்றால் சம்பளமா, பரிசுப் பணமா?

செந்தில்_கணக்கு

தேன்மொழி, நான் சொல்கிறேன். பள்ளியில் ஓய்வு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதால் பழக்கம் உண்டு.

நெடுக்காக 19 கோடு, குறுக்காக 19 கோடு. கட்டத்துக்குள் வைக்கக்கூடாது, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் காய் வைக்க வேண்டும். மொத்தம் 361 புள்ளி. ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை. மாறி மாறி வைக்கலாம். வைத்த காயை நகர்த்த முடியாது. எதிரியின் காயைச் சுற்றி இருக்கும் காலிப் புள்ளிகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அது பலகையை விட்டுப் போய்விடும். ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்குப் போக்கிடம் இல்லாமல் அடைப்போமே, அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்து வைத்திருக்கிறார்களோ அவருக்கு வெற்றி. விதி அவ்வளவுதான்.

எங்களிடம் பலகை கிடையாது. சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டோம். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சோழி. ஜப்பானில் நல்ல காய் என்றால் கறுப்பு ஒருவகைக் கல்லில் செய்தது, வெள்ளை கிளிஞ்சலில் செய்தது. சுட்டுவிரல் நகத்தின் மேல் காயை வைத்து, நடுவிரலால் மேலே பிடித்து, பலகையில் 'டக்' என்று வைப்பார்கள். புளியங்கொட்டையை அப்படி வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனாலும் பிள்ளைகள் விடாமல் அப்படித்தான் வைக்கிறார்கள்.

சம்பளம் பற்றி: மானியம் நின்றபிறகு அவர்களுக்கு வருமானம் மூன்று வழி. பணக்காரப் புரவலர்கள், சொல்லிக்கொடுப்பதற்கு வரும் கட்டணம், ஆட்டங்களை அச்சடிக்கும் செய்தித்தாள்கள். செய்தித்தாள்தான் போகப் போகப் பெரிய ஆதரவாக ஆனது.

நிலா

வெண்காய் அண்ணா, பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

பன்னிரண்டு வருடம் விலகி இருந்ததை ஏதோ தவம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது தவமா? இருபது வயசுப் பெண், ஆட்டத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறாள், கல்யாணம் ஆனதும் நிறுத்துகிறாள். கணவர் தன் கலையை நிறுத்தினாரா? இல்லை. அவருடைய மரபு எழுந்து நிற்க இவர் தோள் கொடுத்தார். எந்த ஆட்டத்திலும் இருபதிலிருந்து முப்பது வரை உள்ள வருடங்கள்தான் விளைச்சல் காலம். அதை முழுசாக விட்டவர் 5 டான் வரை போனார் என்றால், விடாமல் ஆடியிருந்தால் எங்கே போயிருப்பார்?

நான் எம்.எஸ்சி. முடித்த வருடமே எனக்குக் கல்யாணம். 'கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கலாம்' என்று சொன்னார்கள். ஒன்பது வருடம் ஆயிற்று. அதனால் இந்த மாதிரிக் கதைகளில் 'திரும்பி வந்தார்' என்ற வரியை மட்டும் கொண்டாடிவிட்டு, ஏன் போனார் என்பதைத் தாண்டிப் போகும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. திரும்பி வர முடியாமல் போனவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வெண்காய்

நிலா, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதிய விதத்தில் அது அழகான இடைவெளி மாதிரி ஆகிவிட்டது. அது இழப்புதான். அவர் இழந்தது, ஆட்டமும் இழந்தது.

ஆனால் அவருக்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1895-ல் பெண்களுக்கென்று ஒரு போட்டி கிடையாது. பெண் மாணவிகள் என்று ஒரு கூட்டம் கிடையாது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். அவர் விலகியபோது 'உன் இடம் காலியாக இருக்கும், வா' என்று சொல்ல எந்த அமைப்பும் இல்லை. 1907-ல் வந்தபோது இடத்தை அவரேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் செய்ததைப் பார்த்தால், தனக்கு இல்லாமல் போன அந்த இடத்தை மற்றவர்களுக்குக் கட்டிக்கொடுப்பதிலேயே மீதி வாழ்க்கை போயிருக்கிறது. அதனால்தான் அவர் ஆடிய ஆட்டங்களைவிட அவர் வீட்டில் வளர்ந்த மாணவிகளைப் பற்றி எழுத எனக்கு அதிக ஆசை. அதற்கு வருகிறேன்.

ராஜகோபால்_62

எனக்குக் கோ தெரியாது. ஆனால் நோ நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம்.

நோவில் முதன்மை நடிகர்களுக்கு ஐந்து மரபுகள் உண்டு: கான்ஸே, ஹோஷோ, கோம்பாரு, கோங்கோ, கிட்டா. கடைசியில் பிறந்தது கிட்டா, ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தின் ஆரம்பத்தில். இந்த ஐந்தையும் தாங்கியவர்கள் ஷோகுனும் சாமுராய்ப் பிரபுக்களும். 1868-க்குப் பிறகு அவர்களே இல்லை. முகமூடியையும் உடையையும் விற்றுச் சாப்பிட்ட நடிகர்கள் உண்டு. கிட்டா மரபு கிட்டத்தட்ட அணைந்துபோகும் நிலைக்கு வந்தது. 1874-ல் பிறந்த ரொப்பேய்ட்டா அதற்குத் தலைவராக வந்தபோது அவர் சிறுவன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோ வீட்டில் வளர்ந்த பெண், நோ வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடி, ஒரே வருடத்தில் விழுந்தது. ஒரு கலை ஆதரவில்லாமல் எப்படித் தேயும் என்பதைப் பிறந்த வீட்டில் பார்த்தவர். அதைத் திரும்ப எப்படி எழுப்புவது என்பதைப் புகுந்த வீட்டில் செய்தே கற்றவர். புரவலர்களிடம் பேசுவது, மாணவர்களைச் சேர்ப்பது, வீட்டில் பத்துப் பேருக்குச் சோறு போட்டு மரபைக் கட்டிக் காப்பது. பின்னால் கோ உலகத்தில் அவர் நடுவராக நின்று பேசியதற்கு இந்தப் பன்னிரண்டு வருடம் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

ரொப்பேய்ட்டா பிற்காலத்தில் பெரிய பெயர் வாங்கினார். 1953-ல் கலாசார விருது, 1955-ல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற அங்கீகாரம். 96 வயதில், 1971-ல் இறந்தார். நிலா கேட்டது நியாயம். அந்தப் பெயரில் ஒரு பங்கு ஃபுமிகோவுடையது.

நிலா

ராஜகோபால் சார், இந்தக் கோணம் எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அடி என்ற வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கோபம் போகவில்லை. ஆனால் அவர் அந்த வருடங்களில் சும்மா இருக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

கடலூர்க்காரன்

ஷோகி பக்கத்தையும் பார்த்தால்தான் ஃபுமிகோ செய்ததன் அளவு தெரியும். ஷோகி ஜப்பானியச் சதுரங்கம், வெட்டிய காயை நாமே திரும்ப இறக்கலாம்.

ஷோகியில் தொழில்முறை ஆக 'ஷோரேய்காய்' என்ற பயிற்சிக் கூடத்தில் ஏறி ஏறி 4 டான் வாங்க வேண்டும். 1961-ல் தகோஜிமா அகிகோ என்ற பெண் அதில் முதன்முதலாகச் சேர்ந்தார். 4 டான் வரை போக முடியவில்லை. 1974-ல் பெண்களுக்கென்று தனித் தொழில்முறைப் பிரிவு வந்தது, அதில் முதல் பட்டத்தை வாங்கியவரும் அவரேதான். ஆனால் அது தனிப் பிரிவு. பெண் தொழில்முறை ஆட்டக்காரர் வேறு, முழுத் தகுதி பெற்றவர் வேறு. நிஷியாமா டொமோகா சிறப்புத் தேர்வு ஆடினார், ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். இரண்டு ஜெயித்து, இரண்டு தோற்று, 2025 ஜனவரியில் ஐந்தாவது ஆட்டம். அதில் தோற்றார். ஒரே ஒரு ஆட்டம். அன்று நான் வேலையில் இருந்துகொண்டே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசே ஆறவில்லை.

கோ ஆட்டத்தில் அப்படிப் பிரிவு கிடையாது. பெண்களுக்குத் தனித் தேர்வு, தனிப் பட்டங்கள் உண்டு. ஆனால் உள்ளே வந்துவிட்டால் அதே டான், அதே பொதுப் போட்டிகள். ஃபுமிகோ வாங்கிய 5 டான் ஆண்கள் வாங்கிய அதே 5 டான்.

தேன்மொழி

5 டான் என்றால் எவ்வளவு பெரிசு? இப்போது ஆன்லைனில் 5 டான் என்று நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்களே?

வெண்காய்

அது வேறு கணக்கு, தேன்மொழி. இணையத்தில் போடுவது பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் டான்.

அந்தக் காலத்தில் 9 டான் என்றால் மெய்ஜின். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கலாம், யாரும் இல்லாமலும் இருக்கலாம். அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு டானும் வருடக்கணக்கில் ஆகும். இதில் இன்னொன்று. கறுப்புதான் முதலில் வைக்கும், அது பெரிய அனுகூலம். இப்போது அதைச் சரிக்கட்ட வெள்ளைக்குச் சில புள்ளி கொடுத்துவிடுகிறார்கள். அப்போது அது கிடையாது. டான் வித்தியாசத்தை வைத்து யார் கறுப்பு என்று முடிவு செய்வார்கள். சம டான் என்றால் மாறி மாறி. ஒரு டான் வித்தியாசம் என்றால் குறைந்தவர் மூன்று ஆட்டத்தில் இரண்டில் கறுப்பு. இரண்டு டான் வித்தியாசம் என்றால் எப்போதும் கறுப்பு.

இதனால் என்ன ஆகும்? ஒரு டான் ஏறினால் சான்றிதழோடு போய்விடுவதில்லை. நேற்று வரை கறுப்பு வைத்து ஆடிய ஆளிடம் இன்று சில ஆட்டங்களில் வெள்ளை எடுக்க வேண்டும். நேற்று உங்களுக்கு இருந்த முதல் நகர்வு இன்று அவருக்கு. ஃபுமிகோ திரும்பி வந்து ஒவ்வொரு படியாக ஏறினார் என்று சொல்லும்போது, ஒவ்வொரு படியிலும் தன் அனுகூலத்தைக் கையைவிட்டு ஆடினார் என்று அர்த்தம். அதுவும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பன்னிரண்டு வருடமும் விடாமல் ஆடிக்கொண்டிருந்த ஆண்கள்.

சரி, 1924-க்கு வருகிறேன். அதுவரை கோ உலகம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு பக்கம் ஹோன்இன்போ வீடு, தலைவர் ஷூசாய். இன்னொரு பக்கம் ஹோஎன்ஷா. 1922 கடைசியில் ஹிசேய்காய் என்று நாலு பேர் தனியாகப் போனார்கள். 1923-ல் முதல் இரண்டையும் சேர்த்து ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள், அது சீக்கிரமே உடைந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி கான்டோ பூகம்பம். டோக்கியோ எரிந்தது. புரவலர்கள் நொடித்தார்கள், ஆட்டம் போட்டுப் பணம் கொடுத்த செய்தித்தாள்களின் அலுவலகங்களும் போயின. தனித்தனியாக நின்றால் யாருக்கும் பிழைப்பு இல்லை என்ற நிலை. பாரன் பட்டம் கொண்ட பணக்காரர் ஓகுரா கிஷிசிரோ பணம் கொடுக்க முன்வந்தார். ஆனால் பணம் இருந்தால் போதுமா? வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்க்காதவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கணும். ஃபுமிகோ இரு பக்கமும் போய்வரக்கூடியவர். டான் வாங்கியது ஹோஎன்ஷாவில், ஷூசாயோடும் நெருக்கம். அவர் நடுவே நின்று பேசினார். 1924 ஜூலையில் நிஹோன் கிஇன் பிறந்தது. இன்றுவரை ஜப்பானின் முக்கியமான கோ அமைப்பு அதுதான்.

செந்தில்_கணக்கு

ஒரு சின்னத் திருத்தம். எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. அதே 1924-ல் சில மாதத்திலேயே கரிகானே ஜுன்இசி உள்ளிட்ட சிலர் பிரிந்து கிசேய்ஷா என்று தனியாகப் போனார்கள். 1926-ல் ஷூசாயும் கரிகானேவும் ஆடிய ஆட்டத்தை யோமியுரி செய்தித்தாள் நடத்தியது, அது இரண்டு அமைப்புகளின் மோதல். ஓகுராவின் பணமும் பூகம்பம் கொடுத்த நெருக்கடியும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஃபுமிகோ அம்மையாரின் பங்கு பெரிது, ஆனால் தனி ஆளாகக் கட்டினார் என்று சொன்னால் அது அவருக்கே பொருந்தாது.

வெண்காய்

ஒத்துக்கொள்கிறேன் சார்.

இப்போது மாணவிகள். நான் எழுத ஆசைப்பட்டதே இந்தப் பகுதிதான்.

மசுபுச்சி தட்சுகோ, இட்டோ டொமோயே இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள். போருக்குப் பிறகு பெண்களுக்கான போட்டிகள் வந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள். பிறகு ஹோண்டா சகோதரிகள். மூத்தவர் கசுகோ, 1927-ல் பிறந்தவர். அடுத்தவர் சாசிகோ, 1930. கடைசித் தங்கை தெருகோ, 1939. மூன்று பேருமே தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள், மூத்த இருவரும் ஃபுமிகோவின் மாணவிகள்.

கசுகோ தொழில்முறைக்குள் வந்தது 1942-ல். நாடு போரில் இருக்கிறது, வயது பதினைந்து. 1945 மே மாதம் விமானத் தாக்குதலில் நிஹோன் கிஇன் கட்டடமே எரிந்துபோனது. அப்படிப்பட்ட வருடங்களில் பழகிய கை அது. பிறகு சுகிஉச்சி மசாவோ என்ற 9 டான் ஆட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். இங்கேதான் நிலாவை நினைத்தேன். கசுகோ கல்யாணத்துக்காக ஆட்டத்தை விடவில்லை. கணவனும் மனைவியும் ஒரே தொழிலில், ஒரே வீட்டில், பல பத்தாண்டுகள் ஆடினார்கள். 1983-ல் கசுகோ 8 டான். அறுபதைத் தாண்டியபிறகு, 1991-லிருந்து தொடர்ந்து நான்கு முறை பெண்கள் மெய்ஜின் பட்டம் வாங்கினார். எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் பேத்தி வயசு. கணவர் 2017-ல் 97 வயதில் இறக்கும்வரை ஓய்வு பெறாமல் ஆடினார். அதற்குப் பிறகும் கசுகோ போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார், தொண்ணூறு வயதைத் தாண்டி.

ஆசிரியை இருபது வயதில் எழுந்து போன பலகை. மாணவி தொண்ணூறு வயதிலும் எழுந்திருக்காத பலகை. நடுவில் ஒரே ஒரு தலைமுறை.

ஃபுமிகோ 1950 மே மாதம் இறந்தார். இறந்தபின் 7 டான் கொடுத்தார்கள். 2013-ல் கோ புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

கடலூர்க்காரன்

அந்த வரிசை அப்படியே வருகிறது பாருங்கள். 2010-ல் ஃபுஜிசாவா ரீனா 11 வயதில் தொழில்முறை. 2019-ல் நகமுரா சுமிரே 10 வயதில், 2023-ல் 13 வயதில் பெண்கள் கிசேய் பட்டம், 2024-ல் இன்னும் கடினமான போட்டி வேண்டும் என்று கொரியாவுக்கே போய்விட்டார். இந்தப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிக்கு அடியில் யார் இருக்கிறார் என்று இந்த இழையைப் படித்தபிறகு தெரிகிறது.

நிலா

வெண்காய் அண்ணா, கசுகோ பற்றிய பத்தியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'அறுபது வயசுக்கு மேலேயா?' என்று கேட்டுவிட்டு, மறுபடி ஒருதடவை வாசிக்கச் சொன்னார்கள்.

செந்தில் சார், ஒரு சந்தேகம். புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் 9 கோடு போட்ட சின்னப் பலகையில் ஆடலாம் என்று எங்கேயோ பார்த்தேன். அதுதான் நல்லதா?

செந்தில்_கணக்கு

ஆமாம்மா, 9 கோட்டில் ஆரம்பியுங்கள். ஒரு ஆட்டம் கால் மணி நேரத்தில் முடியும். முதல் ஐம்பது ஆட்டத்தைச் சீக்கிரம் தோற்றுவிடுங்கள் என்பது ஆட்டக்காரர்கள் சொல்லும் வழக்கு. அதற்குச் சின்னப் பலகைதான் தோது. பெரிய பலகைக்குக் கறுப்பு 181, வெள்ளை 180 காய் வேண்டியிருக்கும்.

நிலா

சரி சார், 9 கோட்டிலேயே ஆடிப் பழகுகிறேன். ஆனால் சார்ட்டின் பின்பக்கத்தில் 19 கோடும் இப்போதே போட்டு வைத்துவிட்டேன். புளியங்கொட்டை 181 எண்ணி ஒரு டப்பாவில் போட்டாயிற்று. சோழிதான் பாதிகூட இல்லை, அம்மா பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார்கள்.